எழுதியவரே வாசித்துக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை: சேலத்துச் சின்னப் புத்தகக் கடை ஒன்றின் அறிமுகக் கூட்டங்கள்

ஆகஸ்டில் ஆரம்பித்து ஜனவரி வரை ஐந்து கூட்டங்களுக்குப் போய்விட்டேன், இனிமேல் எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். அஸ்தம்பட்டி பக்கம் ஒரு குறுக்குத் தெரு, கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் புத்தகக் கடை. ஒரு அக்காவும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் வட்டாரத்து எழுத்தாளர்கள் இரண்டு பேரை வரவழைத்து, புதிதாக வந்த புத்தகத்தை அவர்களையே அறிமுகம் செய்யச் சொல்கிறார்கள். ஒருவர் நாவல் எழுதியவராக இருப்பார், இன்னொருவர் குழந்தைகளுக்கு எழுதியவர். வட்டாரம் என்றால் சேலம் டவுன் மட்டுமில்லை, ஆத்தூர், வாழப்பாடி, மேட்டூர், ராசிபுரம், ஏற்காடு எல்லாம் சேர்த்திதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

கடையின் பெயரையும் எழுத்தாளர்களின் பெயரையும் போடாமல்தான் எழுதுகிறேன். குறை என்று பட்டதையும் சொல்லப் போகிறேன், வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் புத்தகம், நாளைக்கு யாராவது அவர்கள் பெயரைத் தேடினால் முதலில் என் குறை வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அஸ்தம்பட்டியில் இறங்கி, மாடியில் இருக்கிற புத்தகக் கடை எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

புத்தக வெளியீட்டு விழா என்றாலே எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில் ஒரு விழா, கூட வேலை பார்க்கிறவரின் தங்கை எழுதிய நாவல் என்பதால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அழைப்பிதழில் ஆறு மணி, ஏழு மணிக்குத்தான் தமிழ்த்தாய் வாழ்த்து. மேடையில் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவரும் கால் மணி நேரம், அதில் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். எழுதிய பெண்ணிடம் ஏற்புரைக்கு மைக் வந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது, பின்னால் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவள் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நாலு வருடம் உட்கார்ந்து எழுதியவள். அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட அன்றைக்கு யார் காதிலும் விழவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்தக் கடையில் அதற்கு நேர்மாறு. அக்கா வைத்திருக்கிற விதி ஒன்றே ஒன்றுதான்: ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம், அதில் பாதிக்கு மேல் புத்தகத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை. அக்கா எழுந்து எந்த ஊர், என்ன வேலை, எத்தனையாவது புத்தகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வாசிப்பு முடிந்ததும் கேள்விகள், அப்புறம் டீயும் தட்டுவடை செட்டும். எந்தப் பக்கங்களை வாசிப்பது என்பதை எழுத்தாளரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்கிறார், அதற்காக அவரே முழுப் புத்தகத்தையும் படித்துவிடுகிறார். விற்கிறவர் படித்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அங்கே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. "என் அம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு, பள்ளிக்கூடம் அஞ்சாவதோட நின்னுட்டாங்க, அவங்க படிக்கிற மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்டால் தட்டைக் காட்டிவிட்டுப் போகாமல், இரண்டு புத்தகம் எடுத்து, "இது எழுத்து கொஞ்சம் பெருசுங்க, ஆனா பேர் நிறைய வரும், இதுல ஆளுங்க கம்மி" என்று சொல்கிறார்.

செப்டம்பர் கூட்டத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வந்தவர் ஐம்பதை ஒட்டிய மனிதர், சிவதாபுரம் பக்கம், இருபது வருடம் கொலுசுப் பட்டறையில் இருந்தவர், இப்போது வேறு வேலைக்குப் போகிறார். முதல் நாவல், 160 பக்கம். பிடித்திருந்த புத்தகம் நடுங்கிக்கொண்டிருந்தது, வணக்கம் சொன்னார், அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் நேராக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சேலத்துக் கொலுசு ஒரே கையில் உருவாவதில்லை என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு இடம், அதை வளைத்துக் கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பது இன்னொரு பட்டறை, சலங்கை வைப்பது வேறொரு வீட்டுத் திண்ணை, கடைசியில் மெருகு. எடை பார்த்துக் கொடுத்து எடை பார்த்து வாங்குவார்கள், ஒவ்வொரு கை மாறும்போதும் சேதாரக் கணக்கு உண்டு. அவர் வாசித்த அத்தியாயம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒரு ஜோடிக் கொலுசின் பின்னாலேயே ஐந்து வீடு போய்த் திரும்புகிறது. ஒரு வீட்டுக்கு ஐந்தாறு வரிதான், அந்த ஐந்தாறு வரிக்குள் அந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, யார் யாரோடு பேசுவதில்லை, யார் பசியோடு படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. நாலாவது வீட்டில் ஒரு பெண் சலங்கை வைத்துக்கொண்டே கண் அசந்துவிடுகிறாள், கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அம்மா சேலத்துப் பனங்காடு பகுதியில் அந்த வேலைதான் செய்தார். ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் அவர் சலங்கை வைப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு சலங்கை மணி தவறி விழுந்தாலும் தேடி எடுத்தால்தான் எடை சரியாக வரும், அதனால் வீடு பெருக்கின குப்பையைக்கூட அம்மா உடனே கொட்ட மாட்டார், முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் அதை எழுதி, அச்சில் போட்டு, நாற்பது பேருக்கு முன்னால் சத்தமாக வாசிக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், அவரும் பட்டறைக்காரர் என்று பிறகு தெரிந்தது, வாசிக்க வாசிக்க "ஆமாங்க, ஆமாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தது அவர்தான்.

"அந்தப் பொண்ணு கண்ணசந்துச்சே, எடை குறைஞ்சுதுங்களா?"

எழுத்தாளர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அது ஏழாவது அத்தியாயத்துல வருதுங்கண்ணா, நான் இப்பச் சொல்ல மாட்டேன்." பெரியவர் அங்கேயே இரண்டு பிரதி வாங்கினார், ஒன்று பெங்களூரில் இருக்கிற மகனுக்காம்.

ஒன்பது பேர் மேடையேறிப் பேசியும் நடக்காத ஒன்று பன்னிரண்டு நிமிட வாசிப்பில் நடந்தது. எங்கே வாசிக்கிறோம், யார் முன்னால் வாசிக்கிறோம் என்பதும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே அத்தியாயத்தைச் சென்னையில் வாசித்திருந்தால் கை தட்டியிருப்பார்கள், நல்ல நடை என்று சொல்லியிருப்பார்கள், எடை குறைந்ததா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை ஒன்றும் சொல்லாமல் கேட்டார், பிறகு இன்னொரு தடவை அந்த நாலாவது வீட்டை மட்டும் வாசி என்றார்.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் கூலி உயர்வுப் பிரச்சினை வருகிறது, அந்த இடத்தில் ஆட்கள் பேசுவது போய்த் துண்டறிக்கை பேச ஆரம்பித்துவிடுகிறது. மெய்ப்பு யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது, ஒற்றுப்பிழைகள் ஏராளம், ஒரு அத்தையின் பெயர் நடுவில் மாறி, பத்துப் பக்கம் கழித்துத் திரும்பவும் பழைய பெயரே வருகிறது. பதிப்பித்தவர்கள் ஒரு வாரம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் போதும், இவ்வளவு நல்ல எழுத்துக்கு அதைக்கூடச் செய்யவில்லையே என்று எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் வந்தவர் ஆத்தூர்ப் பக்கம், இது மூன்றாவது நாவல், நன்றாகப் பேசத் தெரிந்தவர். சேகோ ஆலைகளை, அதாவது ஜவ்வரிசி தயாரிக்கிற ஆலைகளை வைத்து எழுதியிருக்கிறார். மரவள்ளிக் கிழங்கு தோல் உரிந்து, அரைபட்டு, பால் தொட்டியில் தங்கி, மாவாகி, உருண்டை பிடித்து, சூட்டில் வெந்து, களத்தில் காய்கிற வரைக்கும் அவருக்கு எல்லாம் கைத்தலப் பாடம். 1981-ல் சேகோசர்வ் என்கிற ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் வருவதற்கு முன்னால் வியாபாரம் எப்படி நடந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கிழங்கு போட்டவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்றெல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விதியை மீறிவிட்டார். வாசித்தது இரண்டே பக்கம், மீதி நேரம் முழுக்கக் கதைச் சுருக்கம், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள், ஆலை கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பது வரை. எனக்குப் பின்னாலிருந்த அம்மா ஒருவர், "முடிவையே சொல்லிட்டாரே கண்ணு, இனி எதுக்குப் படிக்கிறது?" என்று கேட்டார், அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு நான் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை. டிசம்பரில் நூலகத்தில் எடுத்துப் படித்தேன், வாசித்துக் காட்ட வேண்டிய இடங்கள் ஒன்றல்ல, பத்து இருக்கின்றன. குறிப்பாக ராத்திரி முழுக்கக் கிழங்கு லாரிகள் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் அந்த இடம். அதை வாசித்திருக்கலாம். அக்கா எழுந்து அவரை நிறுத்தியிருக்கவும் வேண்டும், அனுபவசாலி என்ற மரியாதையில் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, குழந்தைகள் பக்கம் வருகிறேன், நான் முதலில் போனதே அதற்குத்தான். பாப்பா நாலாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் இதழ் வருகிறது, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வேறென்ன இருக்கிறது என்று நிற்பாள். ஆறு மணிக்கு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கிறார்கள், எழுத்தாளரும் பாயில்தான் உட்கார வேண்டும். பிடிக்கவில்லை என்றால் குழந்தைகள் எழுந்து போகலாம், யாரும் அதட்டக் கூடாது, பெற்றோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் எழுதியவருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

ஆகஸ்டில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ராஜா, மந்திரி, பேராசைக்கார வியாபாரி, ஒவ்வொரு கதை முடிவிலும் தடித்த எழுத்தில் ஒரு நீதி. இரண்டாவது கதை முடிவதற்குள் பன்னிரண்டு குழந்தைகளில் எட்டுப் பேர் மாடிப்படிக்கு விளையாடப் போய்விட்டார்கள். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்ன வயதில் மூக்கனேரிக் கரையில் ஒரு நீர்க்காக்கையின் பின்னால் ஒரு பகல் முழுக்க அலைந்து, மீன் பிடிக்கப் போன அப்பாவிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஒரு பையன் கதவோரம் வந்து நின்றான். அப்புறம் எல்லாரும் வந்துவிட்டார்கள். முடிந்ததும் என் பெண், "சார், இது புக்ல எத்தனாவது பக்கம்?" என்றாள். புத்தகத்தில் இல்லை பாப்பா என்றார். "அப்ப அதை எழுதுங்க சார்." அவர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, தன் புத்தகத்தின் பின் அட்டை உள்பக்கத்திலேயே எதையோ குறித்துக்கொண்டார். அதற்காகவே அந்தப் புத்தகத்தை ஒன்று வாங்கினேன்.

நவம்பரில் வந்தது இளம் எழுத்தாளர் ஒருவர், வாழப்பாடிப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர். பல் விழுந்த ஒரு சிறுமி, விழுந்த பல்லைக் கூரை மேல் எறியச் சொல்கிறார்கள், அவள் வீடு தார்சு வீடு, மேலே மொட்டை மாடிதான், கூரைக்கு எங்கே போவாள், அதுதான் கதை. பாயில் இருந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு முன் பல் இல்லை, ஆளாளுக்கு வாயைத் திறந்து காட்டினார்கள், வாசிப்பு மூன்று இடத்தில் நின்று நின்று போனது, எழுதியவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு உயிரான கதை, ஆனால் அச்சடித்திருந்த விதம் வருத்தமாக இருந்தது. அடர்த்தியான படத்தின் மேலேயே கறுப்பு எழுத்து, அதுவும் பொடி எழுத்து. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற புத்தகத்தில் "பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்" என்று ஒரே மூச்சில் ஒரு வார்த்தை, அது வரி ஓரத்தில் இரண்டாக உடைந்து வேறு நிற்கிறது. எழுத்தாளர் வாசித்தபோது அழகாகக் கேட்டது, வீட்டில் பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் படிக்க முயற்சி செய்தபோது அந்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

இங்கே கடைக்கு ஒரு யோசனை. 2023-ல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காகக் கொண்டுவந்த சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தார்கள். எழுத்துக் கூட்டுகிறவனுக்கு ஒன்று, சரளமாகப் படிக்கிறவளுக்கு ஒன்று. வயதை வைத்துப் பிரிக்காமல் படிக்கிற திறனை வைத்துப் பிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஏனென்றால் எட்டு வயதில் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் இருக்கிறது, ஆறு வயதில் பறக்கிற பிள்ளையும் இருக்கிறது. கடையில் இப்போது "3 வயது முதல் 10 வயது வரை" என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி நாலு நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டினால்கூடப் போதும். சாகித்ய அகாதெமி 2010-லிருந்து சிறுவர் இலக்கியத்துக்குத் தனியாக விருது கொடுக்கிறது, அந்த விருது வாங்கிய தமிழ்ப் புத்தகங்களை அக்கா அழகாக ஒரு தட்டில் தனியாக வைத்திருக்கிறார். அதே அக்கறை பொடிசுகளின் புத்தகத்துக்கும் வேண்டும்.

ஜனவரிக் கூட்டத்தை மேலே கொண்டுபோனார்கள். ஏற்காட்டில், ஏரியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு. கூட்டம் காலையில் என்பதால் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தோம், இருபது கொண்டை ஊசி வளைவு, பாப்பாவுக்கு எட்டாவது வளைவிலேயே வயிற்றைப் பிரட்டியது, எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்ததால் தப்பித்தோம். அன்றைக்கு நாவல் இல்லை, சிறுவர் புத்தகம் மட்டும்தான். காப்பித் தோட்டத்துக்குள் வந்துவிட்ட ஒரு காட்டுமாட்டுக் கன்றைப் பற்றிய படக்கதை. செய்தியில் காட்டெருமை என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் அது எருமை இனம் இல்லை, மாட்டினம், நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். எழுதிய ஆசிரியை அதைப் புரிந்து காட்டுமாடு என்றே எழுதியிருந்தார், சங்க இலக்கியத்தில் அதற்கு ஆமா என்று பெயர் என்பதையும் குழந்தைகளிடம் சொன்னார், "ஆமா" என்று கத்திக் கத்தி அவர்கள் ஓயவே பத்து நிமிடம் ஆனது.

வந்திருந்த குழந்தைகள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கேரளத்து மலையாளிகள் என்று கீழே இருக்கிற பலர் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள், இவர்கள் சேர்வராயன் மலையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள், பேசுவது தமிழ். பலருடைய அம்மாக்கள் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிறவர்கள், ஜனவரி என்பதால் அன்றைக்கும் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தின் நடுப்பக்கத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்த பெரிய படம், கன்று காப்பிச் செடிக்குக் கீழே படுத்திருக்கிறது, கிளை முழுக்கச் சிவப்புப் பழம், அதே கிளையில் வெள்ளை வெளேரென்று பூ. பார்க்க ரொம்ப அழகு. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து படத்தில் விரலை வைத்தாள்.

"மிஸ், பழம் இருக்கறப்ப பூ இருக்காது."

பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல் ஆமாம் என்றது. பழம் பறிப்பு முடிந்து, கோடையில் முதல் மழை விழுந்த பிறகுதான் பூக்கும், பூத்தால் தோட்டம் முழுக்க மல்லிகைப்பூ மாதிரி வாசம் அடிக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும் என்று அந்தப் பெண்ணும் அவள் அண்ணனும் மாறி மாறிச் சொன்னார்கள். ஆசிரியை எதிர்வாதம் செய்யவில்லை, சமாளிக்கவில்லை. படம் வரைந்தவர் கீழே இருக்கிறவர், நானும் கவனிக்கவில்லை, அடுத்த அச்சில் பூவை எடுத்துவிடுகிறேன் என்றார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூவை எடுக்க வேண்டாம், பழத்தை எடுத்துவிடுங்கள், கன்று பிறந்தது பூ வருகிற மாதத்தில் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். பள்ளிக்கூட வராந்தாவில் பனி இன்னும் விலகவில்லை, பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எழுதியவரும் அவளும் தரையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எந்த வரியை மாற்ற வேண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்காகவே இந்தக் கூட்டங்கள் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அன்றைக்கு அந்தப் பள்ளிக்குக் கடை பத்துப் பிரதி கொடுத்துவிட்டு வந்தது, அதில் பாதிப் பணத்தைக் கூட்டத்துக்கு வந்திருந்த நாங்கள் சேர்ந்து போட்டோம்.

வாங்குவதைப் பற்றி. கூட்டத்தன்று பத்து சதவீதம் கழிவு, புத்தகக் கண்காட்சியில் கிடைக்கிற அதே கழிவுதான். கொலுசு நாவல் 200 ரூபாய்க்குள் வந்தது. பல் விழுந்த கதை 24 பக்கம், 120 ரூபாய். இருபத்து நாலு பக்கத்துக்கு இவ்வளவா என்று முதலில் எனக்கும் தோன்றியது, எழுத்தாளரிடமே கேட்டேன். அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள், கறுப்பு மையில் மட்டும் அடிக்கிற நாவலுக்கு ஒரு கணக்கு, எல்லாப் பக்கமும் நாலு வண்ணத்தில் அடிக்கிற புத்தகத்துக்கு வேறு கணக்கு, அதிலும் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் ஒரு பிரதியின் செலவு இறங்கும், எங்களுக்கு முந்நூறு விற்றாலே பெரிசு, படம் வரைந்தவருக்கும் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். நியாயமாகத்தான் பட்டது. வெளியூரில் இருக்கிறவர்கள் கேட்டால் புத்தகங்களுக்கான அஞ்சல் துறைச் சேவையான ஞான் போஸ்டில் அனுப்புகிறார்கள். புத்தகங்களுக்கு இருந்த பழைய பதிவு அஞ்சல் சலுகை 2024 டிசம்பரில் போய்விட்டது, 2025 மே மாதம் முதல் இது வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் நாளாகும். கோயம்புத்தூரில் இருக்கிற தங்கைக்கு அனுப்பச் சொன்னேன், ஆறாவது நாள் கிடைத்தது, மூலை மடங்காமல்.

இனி சிரமங்கள். மாடிப்படி குறுகல், செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஆகஸ்டில் மின்விசிறி இரண்டு மட்டும், நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்ததில் வியர்த்துக் கொட்டியது, கதவைத் திறந்தால் தெருவில் போகிற பஸ் ஹாரன் வாசிப்பை விழுங்கிவிடுகிறது. மைக் வேண்டாம் என்கிறார் அக்கா, மெதுவாகப் பேசுகிற எழுத்தாளர் வந்தால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்பதில்லை, ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கத்தான் வேண்டும். பெண்களும் குழந்தைகளும் வருகிற இடத்தில் கழிப்பறை கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சாவி வாங்கிப் போக வேண்டியதாக இருக்கிறது. குழந்தைகள் நேரம் ஆறு மணிக்கு என்று சொல்லி ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தால், முடியும்போது எட்டு, மறுநாள் பள்ளிக்கூடம், ராசிபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். குழந்தைகளை முதலில் வைத்துவிட்டு நாவலைப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் எழுதுகிறவர்கள், ஆசிரியர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். கொலுசு நாவல் அன்றைக்கு மட்டும்தான் பட்டறைக்காரர்கள் ஆறேழு பேர் வந்தார்கள், அதுவும் எழுத்தாளரே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதால். சேகோ ஆலை நாவலுக்கு ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர்கூட இல்லை. யாரைப் பற்றிய புத்தகமோ அவர்களைக் கூப்பிடாமல் நடத்துகிற அறிமுகம் பாதிதான், ஏற்காட்டில் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பத்து நாற்காலியை அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கி, கடைத் தம்பி பைக்கில் போய் நேரில் சொல்லிவிட்டு வரலாம்.

அம்மாவைக் கூட்டிப் போக முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. முட்டி வலி, அந்தப் படியில் ஏற முடியாது. கொலுசு நாவல் எழுதியவரை ஒரு தடவை பார்க்க வேண்டும், நாலாவது வீட்டுப் பெண் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்கிறார், என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். அக்காவிடம் சொன்னேன். ஜெராக்ஸ் கடை ஞாயிறு மதியத்துக்கு மேல் மூடிதான் இருக்கிறது, மார்ச் கூட்டத்தைக் கீழேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன், அந்த எழுத்தாளரையும் வரச் சொல்கிறேன் என்றார். நடந்தால் இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன்.